நிலையான லென்ஸும் தெற்குச் சன்னலும்: பிள்ளைகளுக்கு வீட்டில் ஒளிப்படம் கற்பித்த அனுபவம்

மகளுக்கு எட்டு வயதும் மகனுக்கு ஆறு வயதும் இருந்தபோது, பழைய கேனான் 1300டி கேமரா ஒன்றையும் ஜூம் வசதி இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் வாங்கி, மொரீஷியஸின் காத்ர் போர்னில் உள்ள எங்கள் வீட்டிலேயே அவர்களுக்கு ஒளிப்படக் கலையின் அடிப்படைகளைச் சொல்லித்தரத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கேமரா 2016-இல் வெளியானது. அதன் 18 மெகாபிக்சல், சுவரில் மாட்டும் படத்துக்குத் தாராளமாகப் போதும். ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள அதை மகளால் தொடக்கத்திலிருந்தே தாங்க முடிந்தது. மகனுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கைப்பேசி போதாதா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. படம் எடுக்கப் போதும், கற்கப் போதாது என்பதே என் கருத்து. பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் துளை அளவு மாறுவதே இல்லை. பின்னணியை மங்கலாக்குவது மென்பொருளின் கைவேலை, அதிலும் தலைமுடியின் ஓரங்கள் அடிக்கடி அரைகுறையாகிவிடும். தான் ஒரு சக்கரத்தைத் திருப்பியதால்தான் படம் இப்படி மாறியது என்று பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும் வாய்ப்பு அதில் மிகக் குறைவு. எங்கள் வீட்டு மேசையில் ஐந்து எலுமிச்சம்பழங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, துளை அகலத் திறந்த எஃப் 1.8-இல் ஒரு படமும் துளை சுருங்கிய எஃப் 11-இல் ஒரு படமும் எடுத்தபோது, முதல் படத்தில் ஒரே ஒரு பழம் மட்டும் கூர்மையாகத் தெரிந்ததற்கும், இரண்டாவதில் எல்லாப் பழங்களும் தெளிவடைந்தாலும் கை நடுக்கத்தால் படம் கலங்கியதற்கும் காரணத்தை மகளே சொன்னாள். துளை சுருங்கியதில் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 37 மடங்கு குறைகிறது. அதை ஈடுசெய்ய, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் கேமராவை மேசைமேல் வைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலி ஒருமுறை பிடிபட்டபின் கேமராவின் ஒளியுணர் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ என்பதை விளக்க எனக்கு ஐந்து நிமிடங்கூடத் தேவைப்படவில்லை.

ஜூம் இல்லாததால் பிள்ளைகள் நடந்து பழகினார்கள். நெருங்க வேண்டுமென்றால் கால்தான் நகர வேண்டும். இந்த லென்ஸ் 35 செ.மீ. தொலைவு வரை குவியும் என்பதால் பூவுக்கும் பாட்டியின் கைவிரல்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. குறை ஒன்று உண்டு. இந்தக் கேமராவில் ஒளியைப் படமாக்கும் உணரி சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ், முழு அளவு உணரியில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் குறுகிய காட்சியையே தருகிறது. எங்கள் கூடத்தில் நான்கு பேரை ஒரே சட்டத்துக்குள் அடக்க, படம் எடுப்பவர் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்று புதிதாகத் தொடங்குவோருக்கு, இதே கேமராவில் பொருந்தும் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையே நான் பரிந்துரைப்பேன்.

ஒளியைப் பற்றிய பாடத்தில்தான் எங்களுக்கு அதிக நேரம் சென்றது, பயனும் அதிலேயே அதிகம். வடக்குச் சன்னலின் ஒளியே மென்மையானது என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் எல்லாம் எழுதுகின்றன. ஏறத்தாழ 20 பாகை தென் அட்சரேகையில் உள்ள மொரீஷியஸில் அதை அப்படியே பின்பற்றினால், சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்லும் குளிர்காலத்தில் முகத்தின் ஒரு பாதி வெயிலில் வெளுத்து மறுபாதி கறுத்துவிடும். இங்கே மார்ச் இறுதி முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நேர் வெயில் நுழையாதது தெற்குச் சன்னல்தான். பாட்டியை அதன் அருகே அமர்த்தி, எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து நிழலைத் தணிக்கும் வேலையை மகன் விளையாட்டாகவே கற்றுக்கொண்டான்.

தைப்பூசக் காவடி நேரத்தில் இந்தச் சன்னல் பாடம் உதவாது. ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்பதால், பூக்களாலும் ஓலைகளாலும் அலங்கரித்த காவடியின் கீழே முகம் இருண்டு, கண்கள் குழிவிழுந்து தெரியும். பின்னால் வானமோ பளீரென்று இருக்கும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே கணக்கிடுகிறது. பிரகாசமான வானம் சட்டத்தில் நிறையும்போது முகத்தைக் கைவிட்டுவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் திருத்தத்தைக் கூட்டல் 1-க்கு மாற்றினால் வானம் வெளுத்துப்போகும், முகம் மீண்டுவரும். முகமா வானமா என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் படம் எடுப்பவர்தான் என்று பிள்ளைகள் உணர்ந்தது கோர் தெ கார்ட் மலையடிவாரக் கோயிலுக்குச் செல்லும் வழியில்தான். கேமராவில் உள்ள பொத்தான்களில் ஒன்றை மட்டும் கற்பிக்கலாம் என்றால் நான் இதையே கற்பிப்பேன். வேல் குத்தியவர்களின் முகத்தை நெருங்கி எடுக்கும் முன் உடன் வருபவரிடம் கேட்க வேண்டும், கருவறையை நோக்கிக் கேமராவைத் தூக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் அன்றைக்கே சொல்லிவைத்தேன்.

ஷட்டர் வேகத்தைக் கற்பிக்கக் கூரை மின்விசிறி போதும். நொடியில் முப்பதில் ஒரு பங்கில் இறக்கைகள் இழுபட்டுத் தெரியும், ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைந்து நிற்கும்.

எடுத்த படத்தை உடனே தாளில் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி 11 கேமரா பின்னர் பிறந்தநாள் பரிசாக வந்தது. ஒரு பெட்டியில் பத்துத் தாள்கள் மட்டுமே உள்ளதால், பொத்தானை அழுத்தும் முன் மகன் யோசிக்கத் தொடங்கியது உண்மை. படத்தை அங்கேயே பாட்டியின் கையில் கொடுப்பதில் அவனுக்கு உள்ள பெருமையும் சொல்லி மாளாது. ஆனால் அதைக் கற்கும் கருவியாக நான் கொள்ளவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷ் எரிந்தே தீரும், எக்ஸ்போஷரையும் அதுவே முடிவு செய்துகொள்கிறது. காட்சித்துளை லென்ஸுக்குப் பக்கத்தில் தள்ளி இருப்பதால், நெருங்கி எடுக்கும்போது சட்டத்தின் நடுவில் வைத்த முகம் ஓரத்துக்குப் போய்விடும். சற்றே தள்ளிக் குறிவைக்கப் பழக வேண்டும். தாள்களின் விலையையும் பார்த்தால், மாதம் ஒரு பெட்டிக்கு மேல் எங்கள் வீட்டில் அனுமதி இல்லை.

மேட்டுநிலப் பகுதியில் வசிப்போருக்கு ஒரு செய்தி: கியூர்பிப், வாக்வா போன்ற மழை மிகுந்த ஊர்களில் அலமாரிக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை படர அதிக காலம் ஆகாது. தோல் உறையில் வைக்காமல், காற்றுப்புகாத உணவு டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அடங்கிய பையுடன் வைப்பதே மலிவான வழி. நீல நிற மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் சேர்மம் இருப்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிற மணிகளை வாங்குவது நல்லது. ஈரம் ஏறியதும் அவற்றின் நிறம் மாறும், மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அந்த டப்பாவைத் திறந்து நிறம் பார்க்கும் பொறுப்பு இப்போது மகனுடையது.