விழா அரங்கா, ஆவண நிலையமா? யூத வரலாற்று நூல் உரைகளை எங்கே கேட்பது

சென்ற பிப்ரவரியில் வேலை போக எனக்கென்று மிஞ்சியவை ஆறு மாலைகள். யூத வரலாறு பற்றிய நூல்களின் ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்கவே ஆறையும் ஒதுக்கிவிட்டேன். எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். லண்டனில் இருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1952இல் தொடங்கிய யூத நூல் வாரம். கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே கிங்ஸ் பிளேஸ் அரங்கில் நாவல், சமையல், தத்துவம், அரசியல் என எல்லாவற்றுக்கும் அமர்வுகள் உண்டு. இன்னொரு வழி, ஆவணங்களைப் பாதுகாக்கும் நிறுவனங்களே நடத்தும் உரைகள். லண்டன் ரஸல் சதுக்கத்தில், நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்ட் பற்றிய சான்றுகளைக் காக்கும் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம் இருக்கிறது. நியூயார்க்கின் யூத வரலாற்று மையத்தில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வாழ்வை ஆராயும் யீவோவும், ஜெர்மன் மொழி பேசிய யூதர்களின் வரலாற்றை ஆராயும் லியோ பேக் நிறுவனமும் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. இவற்றின் உரைகள் பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம்.

ஐந்து மாலைகளை ஆவண நிலையங்களுக்கும் ஒன்றை விழாவுக்கும் கொடுத்தேன். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் இதே கணக்குதான்.

பணமும் நேரமும் இதைத் தீர்மானிக்கவில்லை. விழாவுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். நிலையங்களின் உரைகள் பெரும்பாலும் இலவசம் அல்லது சிறு கட்டணம். நியூயார்க்கில் மாலை ஏழு மணி என்றால் லண்டனில் நள்ளிரவு. ஆகவே அங்கே மதியம் நடக்கும் உரைகளாகப் பார்த்துப் பெயர் பதிவு செய்துகொண்டேன்.

தீர்மானித்தது கேள்வி நேரம். கேள்விக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதைவிட, கேள்வி எழுந்ததும் பேச்சாளர் மூல ஆவணத்திடம் திரும்பிப் போக முடிகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

நான் கேட்டவற்றுள் ஒன்று, யீவோ திரட்டிய இளைஞர்களின் தன்வரலாறுகளைப் பற்றியது. யீவோ 1925இல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம். 16 முதல் 22 வயதுவரை உள்ள யூத இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதி அனுப்பும்படி 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் போட்டிகள் நடத்தியது. 600க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் வந்து சேர்ந்தன. நாஜிகள் வில்னாவைப் பிடித்ததும் நிறுவனத்தின் சேகரிப்பைக் கொள்ளையிட்டு ஒரு பகுதியை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள்; எஞ்சியதைக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். தரம் பிரிக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்ட, கெட்டோ எனும் அடைப்புப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த யூதர்கள், கவிஞர் சுட்ஸ்கெவர் உட்பட, தாள்களை உடைக்குள் மறைத்துக் கடத்தினார்கள். ஜெர்மனிக்குப் போனதில் மீட்கப்பட்ட பகுதி 1947இல் நியூயார்க் வந்து சேர்ந்தது.

ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி வரிகளைப் படித்து, பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். வறுமை, தந்தையோடு பிணக்கு, படிக்கும் ஆசை. கேட்கக் கேட்க மனம் கனத்தது. அப்போது ஒரு மூதாட்டி கேட்டார்: "பரிசுக்காக எழுதியதாயிற்றே, நடுவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று துயரத்தைக் கூட்டி எழுதியிருக்க மாட்டார்களா?"

ஆசிரியர் பதிலை உடனே சொல்லவில்லை. போட்டி அறிவிப்பின் படத்தைத் தேடி எடுத்துத் திரையில் போட்டார். உண்மையை விரிவாக எழுதும்படி அதில் கேட்டிருந்த பகுதியைப் படித்துக் காட்டினார். பிறகு அதே கையெழுத்துப் படிக்குத் திரும்பி, எழுதியவரே அடித்துத் திருத்திய இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்றில் துயரம் கூடியிருந்தது, மற்றொன்றில் குறைந்திருந்தது. "எனக்கும் இது தீராத கேள்விதான்" என்றார். நூலை முன்பே பாதி படித்திருந்த எனக்கு, மீதியைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. விழா மேடையில் இந்தக் கேள்வி எழுந்திருந்தால் நேர்த்தியான பதில் ஒன்று கிடைத்திருக்கும். தாளுக்குத் திரும்ப அங்கே வழியும் இல்லை, பொழுதும் இல்லை.

வீனர் நூலகத்தின் பொருள்களை வைத்துப் பேசிய ஓர் உரையிலும் இப்படித்தான் நடந்தது. ஆல்ஃபிரட் வீனர் 1933இல் ஜெர்மனியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிப்போய் நாஜிகளைப் பற்றிய சான்றுகளைச் சேர்த்தார். 1939இல் அந்தச் சேகரிப்பு லண்டன் வந்தது. 1950களில் ஏவா ரைக்மான் தலைமையில் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்கள் ஆயிரத்துக்கு மேல் பதிவாயின. பேட்டி எடுத்தவர்களிலும் பலர் அகதிகள். அப்படியானால் தாளில் ஒலிப்பது யாருடைய குரல்? அன்று மாலை பாதி நேரம் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்தது. அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

விழாவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தத்துவம் என்று வந்தால் விழாவே மேல் என்பது என் எண்ணம். நான் போன ஒற்றை அமர்வு யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் பற்றியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் தம் பெரிய தத்துவ நூலை எபிரேய எழுத்தில், ஆனால் அரபு மொழியில் எழுதினார் என்பதை அங்கேதான் முதலில் அறிந்தேன். கருத்தோடு கருத்து மோதும் துறைக்கு இருவர் மேடையில் முரண்படுவது நல்லது. திரையில் காட்டத் தாள் தேவையில்லை. நூலைப் படிக்காமல் வருபவருக்கும் விழாவே எளிது. ஆவண நிலைய உரைக்கு நூலில் சில அத்தியாயங்களாவது படித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெயர்களிலேயே திணறிப் போவீர்கள்.

ஒரே ஒரு விழா அமர்வை வைத்து நான் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவலாசிரியர்கள் பேசும் அமர்வுகளில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே என் அளவுகோல் பொருந்தாமல் போகலாம்.

அடுத்ததாகக் காத்திருப்பது கெய்ரோ கெனிசா பற்றிய உரை எதற்காவது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடந்து, 1897இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த தாள் குவியல் அது. மங்களூரில் பித்தளைப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அதில் உண்டு. அந்தக் கடிதங்களைத் திரையில் காட்டிப் பேசுபவர் யாராக இருந்தாலும், நள்ளிரவானாலும் விழித்திருந்து கேட்பேன்.