லினக்ஸ் சர்வருக்கு செக்யூரிட்டி வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க: 1,12,100 ரூபாய் போச்சு

ஜிஎஸ்டியோட சேர்த்து 1,12,100 ரூபாய். என்ட்பாயின்ட் செக்யூரிட்டி (ஒவ்வொரு மெஷின்லயும் உட்கார்ந்து வைரஸ், ஹேக்கர்னு தடுக்கிற சாஃப்ட்வேர்) லைசென்ஸ்னு சொல்லி மூணு வருஷத்துக்கு மொத்தமா வாங்கிட்டாங்க. யாருன்னு பேரு போடல. பெரிய கம்பெனி சாஃப்ட்வேரை வாங்கி விக்கிற ஒரு ரீசெல்லர், அவ்வளவுதான்.

தம்புசெட்டித் தெருவுல ஒரு கிளியரிங் ஏஜென்சிக்கு நான் சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். ஹார்பர்ல சரக்கு நிக்கும்போது பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற இறக்குமதிப் பத்திரம்) லேட்டானா முதலாளி என்னைத்தான் கேப்பார். அதனால முதல்லயே கேட்டேன்: "உபுண்டு 22.04தான், ஆனா கெர்னல் 5.15 இல்ல, 6.8. ஓடுமா?" (உபுண்டு லினக்ஸ்ல ஒரு வகை; கெர்னல்னா அதோட மையப் பகுதி.) அவங்க ஆள் ஸ்கிரீனைப் பார்த்தார், போன்ல போட்டோ கூட எடுத்துக்கிட்டார். "லினக்ஸ்னா எல்லாம் ஒண்ணுதான் சார், நான் கேரன்டி"ன்னார். இன்ஸ்டால் பண்ணி 'ஆக்டிவ், ரன்னிங்'னு காட்டினார். டாஷ்போர்டுல பச்சை. முதலாளி அங்கேயே செக் எழுதிக் கொடுத்தார். டீ வேற வாங்கிக் கொடுத்தோம்.

நேத்து மெயின் சர்வர் ஆமையா ஊருது. டாப் கமாண்ட் போட்டுப் பார்த்தா, டெம்ப் ஃபோல்டர்லேர்ந்து ஒரு மோனேரோ மைனர் (அடுத்தவன் மெஷின்ல கிரிப்டோ காசு தோண்டற திருட்டு புரோகிராம்) புராசஸரோட எல்லா கோரையும் தின்னுக்கிட்டிருக்கு. டாஷ்போர்டு இன்னும் பச்சை! அந்த செக்யூரிட்டி சாஃப்ட்வேர் எழுதி வைக்கிற லாகைத் தோண்டினா, இன்ஸ்டால் பண்ண நாள்லேர்ந்தே ஒரே வரி: இந்த கெர்னலுக்கு சப்போர்ட் இல்ல, குறைஞ்ச செயல்பாட்டு மோடு.

இந்த சாஃப்ட்வேர் கெர்னலுக்குள்ள கொக்கி போட்டுத்தான் எந்த புராசஸ் என்ன பண்ணுதுன்னு பார்க்குது. அவங்க சப்போர்ட் லிஸ்ட்ல இல்லாத கெர்னல்னா, மெஷின் கிராஷ் ஆகக்கூடாதுன்னு அந்தக் கொக்கியைப் போடாது. அது நியாயம்தான். ஆனா சர்வீஸ் மட்டும் ஓடிக்கிட்டே, 'நான் இருக்கேன்'னு டாஷ்போர்டுக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டிருக்கு. தடுக்கிற வேலை எதுவும் நடக்கல. இதை விக்கிறவன் சொல்ல வேணாமா?

போன் பண்ணா, "கெர்னலை நீங்கதானே சார் ஏத்தினீங்க?" போட்டோ எடுத்ததே நீங்கதானேய்யா! அப்புறம் "டிக்கெட் போடுங்க." போட்டா, "5.15க்கு இறங்குங்க." எங்க நெட்வொர்க் கார்டை 5.15 கண்டுக்கவே மாட்டேங்குது, அதுக்காகத்தான் 6.8. பணத்தைத் திருப்பிக் கேட்டா, "ஆக்டிவேட் ஆன லைசென்ஸுக்கு ரீஃபண்ட் கிடையாது." 1,12,100 ரூபாய்!

என்ன பண்ணணும்னு விவரமா எழுத நெனச்சேன், சர்வரைத் துடைச்சுத் திரும்ப ஏத்தற வேலை கிடக்கு. உங்க கெர்னல் நம்பர் சப்போர்ட் லிஸ்ட்ல இருக்குன்னு எழுத்துல வாங்குங்க. பச்சையை நம்பாதீங்க, கண்ணு முன்னாடி டெஸ்ட் அலர்ட் வரவழைச்சாத்தான் பணம். அப்டேட்ல கெர்னல் தானா ஏறினாலும் இதே கதிதான், லிஸ்ட்டைப் பார்த்துட்டு ஏத்துங்க. அன்னைக்கே செக் கொடுக்காதீங்க.