பெர்கமோ மேல்நகரத்துக்கு விஞ்ச் ரயில்: ஏறுவதற்குச் சிறந்தது, இறங்குவதற்கு அன்று

வட இத்தாலியின் பெர்கமோவில், கீழ்நகரத்தையும் குன்றின்மேல் அமைந்த பழைய நகரமான சித்தா ஆல்த்தாவையும் இணைக்கும் விஞ்ச் ரயில் 1887இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 240 மீட்டர் தூரத்துக்குள் 85 மீட்டர் உயரத்தை எட்டிவிடும் இதற்குச் சுற்றுலாக் கட்டணம் எதுவும் இல்லை. நகரப் பேருந்துக்கான சாதாரணச் சீட்டே செல்லும். பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், காட்சிக்காக மட்டும் ஏறுபவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் வண்டி வெனிஸ் அரசின் கோட்டைமதிலை ஊடுருவிச் செல்வதுதான் இதன் சிறப்பு என்பேன்.

1428 முதல் 1797 வரை பெர்கமோ வெனிஸின் ஆட்சியில் இருந்தது. 1561இல் தொடங்கிய மதில் பணிக்காகப் புனித அலெசாந்திரோவின் பழைய பேராலயம் உட்பட ஏராளமான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இத்தனை இழப்போடு எழுப்பிய, ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த மதில் ஒரு முற்றுகையைக்கூடச் சந்திக்கவில்லை. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது மட்டுமே அதற்குக் கிடைத்த பெரிய வெற்றி போலும்!

மேல் நிலையம் இடைக்கால மாளிகையொன்றுக்குள் இருக்கிறது. அங்கிருந்து கொம்பித்தோ தெரு வழியே நடந்தால் பியாத்சா வெக்கியா சதுக்கம் வந்துவிடும். அங்கே பலரும் கம்பனோனே மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்களே தவிர, பழைய மன்றக் கட்டடமான பலாத்சோ தெல்லா ரஜோனேயின் வளைவுகளுக்கு அடியில் நிற்பதில்லை. 1798இல் அங்கே தரையில் பதிக்கப்பட்ட சூரியக் கடிகாரம் இருக்கிறது: வளைவில் தொங்கும் தகட்டின் துளை வழியாக வரும் ஒளிப்புள்ளி, நண்பகலில் சலவைக்கல் கோட்டின்மேல் விழும். வெயிலுள்ள நாளில் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னதாகவே அங்கே போய்விடுவது நல்லது.

அதே வளைவுகளைக் கடந்தால், 1137இல் தொடங்கப்பட்ட சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயமும், அதை ஒட்டிய கொல்லியோனி சிற்றாலயமும் எதிர்ப்படும். வெனிஸின் படைத்தலைவர் பர்த்தொலோமேயோ கொல்லியோனி, தம் கல்லறைக்கு இடம் வேண்டி ஆலயத்தின் ஓர் அறையையே இடிக்கச் செய்தார். அந்த இடத்தில் சிற்பியும் கட்டடக் கலைஞருமான அமதேயோ எழுப்பிய பலவண்ணச் சலவைக்கல் முகப்பு என் கண்ணுக்கு அலங்காரம் மிகுந்ததாகவே படுகிறது. சிவப்புச் சிங்கங்கள் தூண்களைத் தாங்கும் ஆலயத்தின் வடக்கு வாயிலில்தான் அடக்கமும் கம்பீரமும் ஒருங்கே அமைந்திருக்கின்றன.

திரும்பும்போது ரயிலைத் தவிர்த்து, வெளிர்நிறச் சலவைக்கல்லாலான புனித ஜாக்கொமோ வாயில் வழியாக நடந்தே இறங்குங்கள். ஏறும்போது உள்ளிருந்து கடந்த மதிலை வெளியிலிருந்து முழு உயரத்தில் பார்க்க அதுவே வழி. பாதை கற்கள் பாவியது என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் இருவழியும் ரயிலிலேயே செல்லலாம்; விடுமுறை நாள் மாலைகளில் இறங்குவதற்கான வரிசை நீளும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.