கையெழுத்தா, உள்ளிருந்து அழுத்தமா, தனிக்கட்சியா? ஸ்காட்லாந்து நடந்து பார்த்த மூன்று வழிகள்

ஒரு பகுதி மக்களுக்குத் தனி வரலாறு இருக்கிறது, தனிக் கோரிக்கையும் இருக்கிறது. ஆனால் நாட்டின் மொத்த மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அவர்கள் என்ன செய்யலாம்? பெரிய தேசியக் கட்சிக்குள் போய் உள்ளிருந்து பேசலாம். கட்சி சாராத இயக்கம் கட்டி மக்களைத் திரட்டலாம். இல்லையென்றால் தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கி ஓட்டுக் கேட்கலாம். இதை ஊகத்தில் விவாதிப்பதைவிட, மூன்றையும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் செய்து பார்த்த ஓரிடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஸ்காட்லாந்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்சி தொடங்கத்தான் வேண்டும். ஆட்சியைப் பிடிப்பது அதற்கு முதல் காரணம் அல்ல. அப்படி ஒரு கட்சி களத்தில் இல்லாவிட்டால் மற்ற இரண்டு வழிகளும் அசைவதில்லை என்பதுதான் காரணம்.

1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. சட்டமுறை, திருச்சபை, கல்வி மூன்றும் தனியாகவே தொடர்ந்தன. ஆனால் அவற்றுக்கான சட்டங்கள் லண்டனில்தான் இயற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த 600-க்கும் மேற்பட்ட இடங்களில் ஸ்காட்லாந்துக்கு 71. எல்லாரும் ஒரே குரலில் பேசினாலும் தோற்றுவிடும் எண்ணிக்கை.

இருபது லட்சம் கையெழுத்தும் ஓர் இடைத்தேர்தலும்

ஜான் மெக்கார்மிக் கிளாஸ்கோ வழக்கறிஞர். 1928-இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி என்ற பெயரில் முதல் அமைப்பு உருவானபோது முன்னணியில் நின்றவர். அது இன்னொரு கட்சியோடு இணைந்து 1934-இல் இன்றைய ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது எஸ்.என்.பி., ஆனதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவரே 1942-இல் கட்சியை விட்டு வெளியேறினார். தனிக்கட்சி மக்களைப் பிரிக்கிறது, எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே கோரிக்கையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

1949 அக்டோபர் 29 அன்று எடின்பரோவில், திருச்சபையின் பேரவை மண்டபத்தில், அவர் தலைமையில் உடன்படிக்கைப் பத்திரம் ஒன்று வெளியிடப்பட்டது. பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அப்போது ஸ்காட்லாந்தின் மொத்த மக்கள்தொகையே 50 லட்சம்தான். போலிக் கையெழுத்துகளைக் கழித்துப் பார்த்தாலும் அது மிகப் பெரிய எண்ணிக்கை.

நடந்தது என்ன? ஒன்றுமில்லை. அரசியலமைப்பு மாற்றம் வேண்டுமென்றால் தேர்தல் வழியாக, நாடாளுமன்றம் வழியாக வாருங்கள் என்று அன்று ஆண்ட லேபர் (தொழிற்கட்சி) அரசு கையை விரித்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த தேர்தலில் வழக்கம்போல லேபருக்கும் கன்சர்வேட்டிவுக்கும் ஓட்டுப் போட்டார்கள். 1955-இல் கன்சர்வேட்டிவ் அணி ஸ்காட்லாந்தில் பாதிக்கும் சற்று மேலான வாக்குகளைப் பெற்றது. தன் கையெழுத்தைப் புறக்கணித்த கட்சிக்கு ஒரு வாக்காளர் எந்தத் தண்டனையும் தரவில்லை என்றால், அந்தக் கையெழுத்தைக் கண்டு எந்தக் கட்சி பயப்படும்?

இதோடு 1967 நவம்பர் 2-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாமில்டன் தொகுதியில் இடைத்தேர்தல். முந்தைய ஆண்டுதான் லேபர் அங்கே 71 சதவீத வாக்கு வாங்கியிருந்தது, எஸ்.என்.பி. அப்போது வேட்பாளரையே நிறுத்தவில்லை. இந்த முறை நின்ற வினி யூயிங் என்ற வழக்கறிஞர் 46 சதவீத வாக்குடன் ஜெயித்தார். வித்தியாசம் 1,799 ஓட்டு. பதவியேற்க லண்டனுக்கு ரயிலில் ஆதரவாளர் கூட்டமே கூடப் போனது. நாடாளுமன்ற வாசலுக்கு அவர் வந்து இறங்கியது ஸ்காட்லாந்தில் தயாரான சிவப்பு நிற ஹில்மேன் இம்ப் காரில்.

ஒரே ஒரு தொகுதி. ஆனால் மறு ஆண்டே கன்சர்வேட்டிவ் தலைவர் எட்வர்ட் ஹீத் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டப் பேரவை தரலாம் என்று பேசத் தொடங்கினார். லேபர் பிரதமர் ஹரால்ட் வில்சன் அரசியலமைப்பை ஆராய ஓர் ஆணையத்தையே அமைத்தார். 20 லட்சம் கையெழுத்துக்குக் கிடைக்காத பதில், சில ஆயிரம் ஓட்டு இடம் மாறியதும் கிடைத்தது. தனிக்கட்சிக்கு ஆதரவாக இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளிருந்து பேசுவது

லேபர் கட்சிக்குள் தன்னாட்சிக் குரல் புதிதல்ல. கட்சியின் முன்னோடி கியர் ஹார்டி காலத்திலிருந்தே அது இருந்தது. 1924-இல் லேபர் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தன்னாட்சி மசோதா, பேசிப் பேசியே நேரம் கடத்தப்பட்டு முடங்கியது. 1958-இல் கட்சி அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். மருத்துவம், வீட்டுவசதி, தொழில் எல்லாவற்றையும் லண்டனிலிருந்து திட்டமிட்டால்தான் ஏழைப் பகுதிக்குப் பணம் வரும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களின் கோரிக்கை எப்போதும் கட்சியின் அடுத்த அவசரத்துக்குப் பின்னால்தான் நிற்கும்.

1974-இல் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வட கடல் எண்ணெய் கிடைத்திருந்தது, 'இது ஸ்காட்லாந்தின் எண்ணெய்' என்று எஸ்.என்.பி. பிரசாரம் செய்துகொண்டிருந்தது. பிப்ரவரித் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 7 இடங்கள். ஜூன் மாதம் லேபரின் ஸ்காட்லாந்துச் செயற்குழு, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டப் பேரவை தரும் அதிகாரப் பகிர்வைப் பற்றி விவாதிக்கக் கூடியது. அன்று உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் ஆட்டம். 29 பேரில் 11 பேர்தான் வந்தார்கள். 6-க்கு 5 என்று அதிகாரப் பகிர்வை நிராகரித்தார்கள். லண்டன் தலைமை பதறிப்போனது. அடுத்த பொதுத்தேர்தல் நெருங்குகிறது, இடங்கள் பறிபோகும். ஆகஸ்டில் கிளாஸ்கோவில் சிறப்பு மாநாடு கூட்டி அந்த முடிவை மாற்ற வைத்தது.

தன்னாட்சி வேண்டாம் என்றது ஸ்காட்லாந்துக் கிளை. வேண்டும் என்றது லண்டன் தலைமை. உள்ளிருந்து பேசிய நல்லவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்ய முடியாததை, வெளியே நின்ற போட்டிக்கட்சி ஒரே கோடையில் செய்ய வைத்தது. அக்டோபர் தேர்தலில் எஸ்.என்.பி. 30 சதவீத வாக்கும் 11 இடங்களும் பெற்றது.

சரி, அப்படியானால் கட்சி மட்டும் போதுமா? அதுதான் இல்லை.

கட்சி தடுமாறிய இடம்

1979 மார்ச் 1 அன்று லேபர் அரசு நடத்திய பொது வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் சட்டப் பேரவை வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று லேபர் உறுப்பினர் ஒருவரே முன்னதாக நிபந்தனை சேர்த்திருந்தார். கிடைத்தது சுமார் 33 சதவீதம். திட்டம் செத்தது. கோபத்தில் எஸ்.என்.பி. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தது. கன்சர்வேட்டிவ் தலைவர் மார்கரெட் தாட்சரும் தன் பங்குக்கு ஒரு தீர்மானம் கொண்டுவர, மார்ச் 28 இரவு 311-க்கு 310 என்று ஒரே ஓட்டில் லேபர் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில் எஸ்.என்.பி. 11-லிருந்து 2 இடமாகச் சுருங்கியது. ஆட்சிக்கு வந்தவர் தாட்சர், அதிகாரப் பகிர்வைத் திரும்பியே பார்க்காதவர்.

அரசைக் கவிழ்க்கும் அந்த முடிவு எஸ்.என்.பி.காரர்களுக்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றியிருக்கும் என்று புரிகிறது. இருந்தாலும் அது பெருந்தவறு என்றே நினைக்கிறேன். பயமுறுத்தும் வலிமை கட்சிக்கு இருந்தது. சட்டம் நிறைவேற்றும் பெரும்பான்மை இல்லை, பெரும்பான்மை உள்ளவர்களோடு சேர்ந்து நடக்கும் பொறுமையும் அன்று இல்லை.

நாடாளுமன்றம் உண்மையில் வந்த கதை வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் தலைவரி தாட்சர் அரசால் ஸ்காட்லாந்தில் மட்டும் 1989-இல், இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, சுமத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் லேபர், லிபரல் டெமாக்ரட், தொழிற்சங்கங்கள், திருச்சபைகள், உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து ஸ்காட்லாந்து அரசியலமைப்புப் பேரவையைத் தொடங்கின. அதன் செயற்குழுத் தலைவர் கெனியன் ரைட் ஒரு பாதிரியார். 'நாங்கள்தான் அரசு, முடியாது' என்று தாட்சரின் குரல் சொன்னால், 'நாங்கள்தான் மக்கள், முடியும்' என்போம் என்று அவர் பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. 129 உறுப்பினர்கள், விகிதாசார முறை கலந்த தேர்தல் என்று வரைபடம் அங்கேதான் உருவானது. எஸ்.என்.பி. அதைப் புறக்கணித்தது, சுதந்திரம் விவாதத்திலேயே இல்லை என்பதால்.

பார்த்தால் இது மெக்கார்மிக்கின் வழிதான், பல கட்சிகள் சேர்ந்த இயக்கம். 1949-இல் தோற்றது இப்போது ஏன் ஜெயித்தது? இந்த முறை பேரவையில் உட்கார்ந்திருந்த லேபர்காரர்களின் முதுகுக்குப் பின்னால் எஸ்.என்.பி. நின்றது. பேரவை கூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1988 கோவன் இடைத்தேர்தலில், லேபரின் கோட்டை ஒன்றை அது பறித்திருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் மிச்சமும் போகும் என்று தெரிந்தே உள்ளிருந்தவர்கள் வேலை செய்தார்கள். 1997-இல் நாடாளுமன்றம் வேண்டுமா என்ற பொது வாக்கெடுப்பில் எஸ்.என்.பி.யும் புறக்கணிப்பை விட்டு லேபரோடு ஒரே மேடையில் பிரசாரம் செய்தது. 74.3 சதவீதம் ஆதரவு. 1999-இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது, மூத்த உறுப்பினர் என்ற முறையில் தொடங்கிவைத்தவர் வினி யூயிங்.

கட்சி இல்லாத இடம், கட்சி ஆளும் இடம்

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வாலுக்குப் போகலாம். அங்கே தன்னாட்சி கேட்கும் மெபியான் கெர்னோ என்ற அமைப்பு 1951-இல் அழுத்தக் குழுவாகத்தான் தொடங்கியது. வேறு கட்சிகளில் இருந்துகொண்டே இதில் உறுப்பினராகலாம். அதனால் கார்னிஷ் உணர்வுள்ள ஓட்டு லிபரல்களுக்கே போய்க்கொண்டிருந்தது. பின்னர் கட்சியாக மாறியும் உள்ளாட்சி இடங்களைத் தாண்டவில்லை. கார்ன்வால் பேரவை கேட்டு 50,000 பேர் கையெழுத்திட்ட மனு 2001-இல் பிரதமர் வீட்டு வாசலுக்குப் போனது. 1949-இன் அதே பதில்தான் கிடைத்தது.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி இதே காலத்தில் எழுந்தது. தி.மு.க. தொடங்கப்பட்டது 1949 செப்டம்பர் 17, எடின்பரோ மண்டபத்துக் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பு. தேர்தலில் நிற்பதா என்பதை 1956 திருச்சி மாநாட்டில் முடிவுசெய்து, 1957-இல் 15 இடங்கள், 1967-இல் ஆட்சி. ஆனால் தேர்தலில் நிற்காத பெரியாரின் இயக்கமும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பில்தான், இட ஒதுக்கீட்டைக் காக்க 1951-இல் அரசியலமைப்பே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. ஆகவே இயக்கத்தால் எதுவுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. முதல் பொதுத்தேர்தல் வாசலில் நின்ற நேரம் அது, ஆண்ட கட்சிக்கு மடியில் கனம் இருந்தது.

ஆட்சிக்கு வந்த பிறகு பிராந்தியக் கட்சிக்கு வேறொரு சிக்கல். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் எஸ்.என்.பி. 2007-இல் 47 இடங்களோடு லேபரை ஒரே ஓர் இட வித்தியாசத்தில் முந்தியது, 2011-இல் 69. 2014 பொது வாக்கெடுப்பில் சுதந்திரத்துக்கு 44.7 சதவீதம். 2015-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் 59-க்கு 56. அப்புறம் மருத்துவமனைக் காத்திருப்பு, கட்டி முடிக்கத் தாமதமான பயணிகள் கப்பல்கள், தலைமைச் சிக்கல்கள். 2024-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் 9 இடங்கள். அப்போதும் கருத்துக் கணிப்புகளில் சுதந்திர ஆதரவு பாதியை ஒட்டியே நின்றது. மக்கள் கோரிக்கையைக் கைவிடவில்லை, கட்சியைத்தான் கைவிட்டார்கள். கோரிக்கையை ஒரே கட்சியின் சொத்தாக்கிவிட்டால், ஆட்சியின் ஒவ்வொரு குறையும் கோரிக்கையின் கணக்கில் எழுதப்படும்.

2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இன்னொரு பொது வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. இடங்களை எண்ணிக்கொண்டிருப்பதால் மட்டும் அந்தக் கதவு திறக்காது. 1989 போல பல கட்சிகளும் தொழிற்சங்கங்களும் திருச்சபைகளும் உட்காரும் ஒரு பேரவை வேண்டும், அன்று வெளியே நின்ற எஸ்.என்.பி.தான் இந்த முறை அதற்கு அழைப்பு விடுக்க வேண்டும்.