அப்பாவின் காதில் பூச்சுற்றிய கதை: காது மிசின் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்

திருகோணமலையில் யாராவது காது மிசினைத் திருத்தக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை, அதோடு இந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நான் நினைக்கவும் இல்லை. எங்களிடம் இரண்டு தவணையாக வாங்கிய காசு 44,500 ரூபா. உண்மையான பழுது என்னவென்றால், கடுகளவு பில்டர் ஒன்றில் அடைத்துக்கொண்டிருந்த காது ஊத்தை.

அப்பா தம்பலகாமம் பக்கம் ஒரு நெல் ஆலையில் 31 வருடம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்றவர். அந்த இரைச்சல் மெல்ல மெல்லக் காதைத் தின்றுவிட்டது. இரைச்சலால் காது கெட்டால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறையாது. முதலில் போவது கீச்சுக் குரல்களும், கதைக்கும்போது வருகிற ச, த மாதிரியான மெல்லிய ஒலிகளும்தான். அதனால் ஆள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார் என்பது விளங்காது. நாங்கள் கத்திக் கத்திச் சொல்ல, "ஏன் பிள்ளை சத்தம் போடுறாய், எனக்குக் கேக்குது, விளங்குதில்லை" என்பார். 2021 கடைசியில் தம்பி காசு அனுப்ப, கொழும்பில் சோதித்து இரண்டு காதுக்கும் ஒரு சோடி எடுத்தோம். காதுக்குப் பின்னால் உட்காரும் உடல், அதிலிருந்து ஒரு மெல்லிய வயர், வயரின் நுனியில் காதுக்குள் போகிற குட்டி ஸ்பீக்கர், அதற்கு ரிசீவர் என்று பெயர், அதன் தலையில் ஒரு ரப்பர் குடை. வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று அடையாளம் இருக்கும். ஆனால் வெண்படலம் படர்ந்த அப்பாவின் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் வலது ரிசீவரின் பக்கத்தில் என்னுடைய கியூடெக்ஸால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். இந்தப் பொட்டை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

போன ஆவணியில், கச்சான் வீசி ஓய்கிற நேரம், வலது மிசினின் சத்தம் ஒரு கிழமையாக மங்கி மங்கி ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. பற்றரி மாற்றினோம், பயனில்லை. இதற்காக இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போவதா என்று யோசித்து, டவுனிலேயே எல்லா விதமான காது மிசினும் திருத்தித் தரப்படும் என்று பலகை போட்டிருந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல மரியாதை. அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, மிசினை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, போர்ட் போயிற்று. கடல் காத்து, உப்பு, இஞ்ச எல்லாருக்கும் இதுதான் வாறது" என்றார். போர்ட் என்றால் மிசினுக்குள் இருக்கும் சர்க்கிட் பலகை. கேட்கிறவருக்கு நியாயமாகத்தானே இருக்கும்? ஐந்து நாளில் தந்தார்கள், 28,000 ரூபா. வேலை செய்தது. கூடவே கிருமி சாகும் என்று சொல்லி துடைக்கிறதுக்கு ஒரு சிறிய போத்தல் திரவம் 850 ரூபாவுக்கும், ஒரு டப்பாவிலிருந்து அள்ளிக் கடதாசியில் சுற்றிய பற்றரி பத்தும் தந்தார்கள். பில் கேட்டபோது கிடைத்தது தொலைபேசி இலக்கம் அச்சடித்த ஒரு துண்டு. அதில் பேனையால் "சேவிஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மார்கழி மழையோடு அதே வலது பக்கம் மறுபடி மங்கியது. இந்த முறை ரிசீவர் மாற்ற வேண்டும் என்று 16,500 ரூபா. மாசியில் மூன்றாம் தடவை போனபோது, இனித் திருத்த முடியாது, புது மொடல் எடுங்கள், பழைய சோடியை 10,000 ரூபாவுக்கு நாங்களே எடுக்கிறோம் என்றார்கள். புதியதின் விலை கேட்டு அப்பா எழும்பியே விட்டார். 2022 இல் ரூபா விழுந்த பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து இரண்டையும் கழற்றி பிஸ்கட் பேணிக்குள் போட்டவர்தான், கிட்டத்தட்ட இரண்டு மாதம் தொடவேயில்லை. டச்சுபே கரையில் பின்னேரம் சினேகிதர்களோடு குந்தியிருக்கப் போகிற மனிதர் அதையும் விட்டார். ரிவியைக் கூட்டி வைத்துவிட்டு அதற்கு முன்னாலேயே நித்திரை. 44,500 ரூபாவை விட எனக்கு எரிகிறது இந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான்.

சித்திரையில் ஒரு கலியாணத்துக்கு அப்பாவோடு கொழும்புக்குப் போனபோது பேணியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து மிசின் பொருத்துகிற ஓர் ஓடியோலொஜிஸ்ட் அம்மா, நான் போர்ட், ரிசீவர், உப்புக் காற்று என்று ஒப்பிக்க ஒப்பிக்க, ஒன்றும் சொல்லாமல் மேசை விளக்கை இழுத்து, ரப்பர் குடையைக் கழற்றி, பெருப்பிக்கிற கண்ணாடியை என் கையில் தந்து "பாருங்கோ" என்றார். ரிசீவரின் வாயில் வெள்ளையாக இருக்க வேண்டிய வட்டம், அதுதான் ஊத்தை உள்ளே போகாமல் தடுக்கிற பில்டர், தேன்மெழுகு நிறத்தில் மூடிக் கிடந்தது. நெருப்புக்குச்சி அளவில் ஒரு பிளாஸ்ரிக் குச்சி எடுத்தார். ஒரு முனை வெறுமையாக இருந்தது, மறுமுனையில் புது பில்டர் இருந்தது. வெறும் முனையை உள்ளே அழுத்தி நேராக இழுக்க, பழையது அதில் கொளுவிக்கொண்டு வந்தது. குச்சியைத் திருப்பி மறுமுனையை அழுத்த, புதியது போய் உட்கார்ந்தது. பற்றரிக் கதவை மூடி மிசினை உள்ளங்கையில் பொத்தினார், கூ என்று கத்தியது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பாவின் காதில் மாட்டியதும் அவர் அண்ணாந்து பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "இந்த ஃபானுக்கு எண்ணெய் விடக்கூடாதோ, என்ன கிறீச்சு."

அப்புறம் மிசினைக் கொம்பியூட்டரில் இணைத்துப் பார்த்தார். உள்ளே பதிந்திருந்த தொடரிலக்கம் பெட்டியில் இருந்த அதே இலக்கம், 2021 இல் அப்பாவின் காதுக்கு ஏற்ப வைத்த அமைப்பும் அப்படியே இருந்தது. போர்ட் மாற்றியதற்கு ஓர் அடையாளமும் தெரியவில்லை என்றார். "ரிசீவரும் மாத்தினது எண்டு சொன்னவையோ?" என்று கேட்க, நான் குனிந்து பார்த்தேன். ஓரம் தேய்ந்துபோய், என்னுடைய சிவப்புப் பொட்டு. மாசம் மாசமாக அது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, நானும் அதைத் தொட்டுத்தான் வலது எது என்று பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ரிசீவர் புதியதென்றால் பொட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. வேறென்ன, இரண்டு தடவையும் பில்டரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார்கள். அப்படி எட்டு பில்டர் அடங்கிய ஒரு தட்டு அன்று எங்களுக்கு 2,000 ரூபாவுக்குள் முடிந்தது.

உண்மையாகவே கெட்டுப்போன இடம் என்று ஒன்று இருந்தது, அது இடது மிசினில். மேலே இருக்கும் மைக் துளை ஓரங்களில் பூச்சு வெளிறி, சத்தம் கரகரத்தது. எதனால் துடைக்கிறீர்கள் என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன், மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், சேர்ஜிகல் ஸ்பிரிட். காது மிசினுக்கு ஸ்பிரிட், கொலோன், தின்னர் ஒன்றும் ஆகாது, பூச்சையும் மைக்கின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். உலர்ந்த மெல்லிய துணியும் ஒரு சின்ன பிரஷும் போதும். கிருமி சாகட்டும் என்று நான் கிழமைக்கு இரண்டு தரம் பக்தியோடு துடைத்திருக்கிறேன்.

பற்றரிக் கதை இன்னொன்று. இந்தப் பற்றரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்கிற சிங்க் எயர் வகை. முதுகில் ஒட்டியிருக்கும் நிற ஸ்டிக்கரை உரித்த உடனே சின்னத் துளைகளால் காற்றுப் புகுந்து, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் சக்தி குறையத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. அந்த டப்பாப் பற்றரிகளில் பாதிக்கு ஸ்டிக்கரே இல்லை. ஆறு ஆறாக அட்டையில் அடைத்து, திகதி போட்டு வருவதைத்தான் வாங்க வேண்டும். அப்பாவின் அளவு 312, மண்ணிற ஸ்டிக்கர். 13 என்றால் செம்மஞ்சள், 675 என்றால் நீலம், 10 என்றால் மஞ்சள். உரித்த கையோடு போட்டு மூடாமல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றில் விட்டுப் போட்டால் ஒழுங்காகப் பிடிக்கும். வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் பழையதைக்கூட மேசையில் விடாதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். வாங்கியபோது தந்த பெட்டிக்குள் பிரஷ், பில்டர் தட்டு எல்லாமே இருந்தது, ஒருவரும் திறக்கவில்லை. அப்பா காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மிசினை மாட்டுவார், பவுடரும் அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி கோயிலில் தருகிற பூவை, தண்ணீர் சொட்டச் சொட்ட, மிசினுக்கு மேலேயே செருகிக்கொண்டு வீடு வரைக்கும் வருவார். அந்த அம்மா சிரித்துவிட்டு, பூவைச் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார். இப்போது எண்ணெய், பவுடர், திருநீறு எல்லாம் முடிந்து, கை கழுவித் துடைத்த பிறகுதான் மிசின் காதுக்குப் போகும்.

துடைப்பதை இரவில் அல்ல, காலையில் செய்கிறோம், இரவு முழுக்கக் காய்ந்த ஊத்தை பிரஷ் பட்டதும் உதிரும். துளை கீழே பார்க்கப் பிடித்துத் தட்ட வேண்டும், மேலே பார்க்கப் பிடித்தால் தூசியை நாங்களே உள்ளே தள்ளிவிடுவோம். காதுக்குள் போகிற பக்கத்தைத் தட்டிய பிரஷால் மைக் துளையைத் தொடக்கூடாது. ஊசி, பின் கொண்டு கிண்டவே கூடாது. இரவில் பற்றரியை வெளியே எடுத்து, கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் மணி போட்ட இறுக்கமான மூடிப் பேணிக்குள் மிசினை வைக்கிறோம். எங்களுடைய மணி செம்மஞ்சளிலிருந்து பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இங்கே இருக்கிற ஈரப்பதத்துக்கு இது இல்லாமல் சரிவராது. வெயிலில் காயவைப்பது, தலைமுடி உலர்த்தி பிடிப்பது எல்லாம் வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்ன ஒருவருக்கு அப்பாவே பதில் சொன்னார்: "31 வருசம் தவிட்டுக்கை நிண்டதே காணும், மிசினையும் அதுக்கை விடச் சொல்லுறியளோ." தூசியும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான ஐபி68 என்ற குறி பெட்டியில் போட்டிருந்தாலும் கடலில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சோதனை சாதாரணத் தண்ணீரில் குறிப்பிட்ட ஆழத்தில் குறிப்பிட்ட நேரம் செய்வது, உப்புவெளிக் கடலில் அல்ல.

அப்பாவின் சினேகிதர் ஒருவருடைய மிசின் வேறு வகை, காதின் அச்சு எடுத்துச் செய்த மோல்டும் பிளாஸ்ரிக் ரியூப்பும். அதில் மோல்டை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ரியூப்புக்குள் நீர்த்துளி ஒன்றும் நிற்காமல் ஊதிக் காயவைத்துப் பூட்டலாம். உடலில் தண்ணீர் படக்கூடாது. ரியூப் மஞ்சளாகி விறைத்தால் மாற்ற வேண்டும், அதுவும் சின்னச் செலவுதான்.

ஆக, மிசின் செத்துவிட்டது என்று தோன்றினால் கடைக்கு ஓடாமல் முதலில் புதுப் பற்றரி போட்டு உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். கத்தினால் பெரும்பாலும் மிசினில் உயிர் இருக்கிறது, காதுக்குள் ஊத்தை அடைத்திருக்கலாம், பொது வைத்தியசாலை ஈஎன்டி கிளினிக்கில் காட்டுங்கள், பட்ஸ் விட்டுக் கிண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். கத்தாவிட்டால் பில்டரை மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் கொடுங்கள், ஆனால் தொடரிலக்கத்தைப் படம் எடுத்து, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றுகிறார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலே சொல்லிவிட்டுக் கொடுங்கள். பழையதைத் தரமாட்டோம் என்கிற இடத்தில் மிசினை வைத்துவிட்டு வராதீர்கள்.

ஊருக்கு வந்து கடைக்குப் போனேன். அந்தத் தம்பி பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அக்கா, அது பழைய ரிசீவரைத்தான் உள்ளுக்குத் திருத்தினது" என்றார். மாற்றியது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றால், வாயால் சொன்னதற்கு என்ன சாட்சி? நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அவருக்கு முன்னாலேயே போன் எடுக்கப் போனேன். லாச்சியைத் திறந்து 16,500 ரூபாவை எண்ணி வைத்தார். போர்டுக்கான 28,000 ரூபாவுக்கு வாய் திறக்கவில்லை, அதற்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பில் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது, அன்று அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு வந்த என்னைத்தான் உதைக்க வேண்டும்.

அப்பா திரும்பவும் டச்சுபே போகத் தொடங்கிவிட்டார். போன கிழமை அங்கே பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய மிசினும் "போர்ட் போய்" அதே கடையில் கிடக்கிறது, வியாழக்கிழமை 30,000 ரூபாவோடு எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன், பெருப்பிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.