ரவுட்டர் செட்டிங்ஸ்: பிரவுசரா, ஆப்பா, கடைத் தம்பியா?

மலையகத்தில் வீட்டு இன்டர்நெட் பெரும்பாலும் இரண்டு வகை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை மாதிரி டவுன்களில் ஃபைபர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். டவுனை விட்டுத் தோட்டத்துக்குள் ஏறினால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் அதிகம். எதுவாக இருந்தாலும் உள்ளே ஒரு செட்டிங்ஸ் பக்கம் உண்டு. பாஸ்வேர்ட் மாற்றுவது, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, சிக்னல் அளவைத் தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான். அங்கே போக மூன்று வழி: பிரவுசரில் முகவரியை அடிக்கலாம், ரவுட்டர் கம்பனியின் ஆப்பைப் போடலாம், இல்லாவிட்டால் கொமியூனிகேஷன் கடைத் தம்பியிடமோ இணைப்புக் கம்பனியின் ஹொட்லைனிலோ சொல்லிச் செய்விக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிம் ரவுட்டர் வைத்திருப்பவர் பிரவுசர் வழியைப் பழகத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மைடயலொக், மைஎஸ்எல்டி போன்றவை இணைப்பு தருகிற கம்பனியின் ஆப்கள். டேட்டா மிச்சம், பில், பேக்கேஜ் பார்க்கத்தான் முக்கியமாக அவை. ரவுட்டர் ஆப் வேறு: ஹுவாவேக்கு ஏஐ லைஃப், டிபி-லிங்குக்கு டெதர். ரவுட்டருக்குள்ளும் ஒரு டேட்டா கணக்கு ஓடும். ஆனால் பேக்கேஜில் இரவுக்கு எவ்வளவு, பகலுக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டேட்டா மிச்சத்துக்கு இணைப்புக் கம்பனியின் ஆப்பை மட்டும் நம்புங்கள்.

சரி, பிரவுசர். ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.8.1 என்றோ 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அதில் போட்டிருக்கும். ஹுவாவே 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் முதலாவது. ஸ்டிக்கர் அழிந்து போயிருந்தால் போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளே மட்டும் செல்லும் முகவரிகள். அதனால் டேட்டா முடிந்தாலும், டவர் விழுந்தாலும், ரவுட்டரில் கரண்ட் இருக்கும்வரை இந்தப் பக்கம் திறக்கும். இன்டர்நெட் இல்லாதபோதுதானே செட்டிங்ஸ் தேவைப்படுகிறது!

திறக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் மாட்டுகிறார்கள். ஒன்று, போனில் மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும். வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்தப் பக்கம் போனால் ரவுட்டர் எப்படிக் கிடைக்கும்? டேட்டாவை ஆஃப் பண்ணிவிட்டு முயலுங்கள். இரண்டாவது, புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, ஒன்றுக்குப் பதில் ஆங்கில எல் எழுத்து. அப்படி அடித்தால் கூகுள் தேடலுக்குப் போய்விடும். 'பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம், வீட்டுக்குள்ளே இருக்கிற பக்கத்துக்கு அப்படித்தான் காட்டும்.

இனி மலைக்காரர்களுக்கு முக்கியமான விஷயம். போனில் தெரிகிற வைஃபை கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல். ரவுட்டருக்கும் டவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்லாது. ஆப்களும் பெரும்பாலும் நாலைந்து கோடுகளோடு நிறுத்திக்கொள்ளும். பிரவுசர் பக்கத்தில், சாதன விவரம் என்கிற இடத்தில், பல 4ஜி மாடல்கள் எண்ணாகவே தரும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். அது மைனஸில் வரும். பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115 என்றால் படம் பார்க்கிற எண்ணத்தை விட்டுவிடலாம். பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொரு எண் இருக்கும், அது சிக்னலின் தெளிவு. 20க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் சிரமம்.

ஆர்எஸ்ஆர்பி எண்ணை வைத்துக்கொண்டு ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். லயத்துக் காம்பராவில் தகரக் கூரை இருக்கிறது. உலோகம் சிக்னலைத் தடுக்கும். கூரைக்குக் கிட்ட உயரத்தில் வைத்தால் நல்லது என்று பலர் அலமாரி மேல் ஏற்றிவைப்பார்கள், தகரம் போட்ட வீட்டில் அது பலன் தருவதில்லை. எந்தப் பக்கம் டவர் இருக்கிறதோ அந்தப் பக்க ஜன்னலில், அல்லது இஸ்தோப்பில் மழை படாத மூலையில் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள், உடனே மாறாது. அந்த எண்ணின் அலகு டெசிபல்; 3 டெசிபல் கூடினாலே வந்து சேரும் சக்தி இரட்டிப்பு. மைனஸ் 108 மைனஸ் 99 ஆனால் எட்டு மடங்கு. கோடுகளை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த மாற்றம் ஒரு கோடாகத் தெரிந்தாலே அதிசயம்.

இன்னொரு பழிக்கும் இங்கே தீர்ப்புக் கிடைக்கும். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் நெட் ஸ்லோ என்று நம்மூரில் எல்லோரும் சொல்வார்கள். 4ஜி அலைவரிசையைப் பனி தடுப்பது மிக மிகக் குறைவு. காலையிலும் இரவு எட்டு மணிக்கும் ஆர்எஸ்ஆர்பியைக் குறித்துப் பாருங்கள். எண் ஏறக்குறைய அப்படியே இருந்து வேகம் மட்டும் விழுகிறது என்றால் டவரில் நெரிசல் என்று சந்தேகிக்கலாம். எல்லோரும் வேலை முடித்து வந்து போனைக் கையில் எடுக்கிற நேரம் அது. அதற்கு எந்த செட்டிங்ஸும் மருந்தல்ல. பெரிய டவுன்லோடை விடியற்காலைக்குத் தள்ளுவதுதான் வழி.

ஆப் வீண் என்று சொல்ல வரவில்லை. யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்க அதைப்போல் சுலபமானது இல்லை. பாஸ்வேர்ட் மாற்றுவதும் நாலு தட்டுதான். அதன் பெரிய பலம் வேறு. சில மாடல்களில், கணக்கு ஒன்று திறந்து இணைத்துவிட்டால், கொழும்பில் வேலை செய்கிற மகன் அங்கிருந்தே தோட்டத்து வீட்டு ரவுட்டரைப் பார்க்கலாம், ரீஸ்டார்ட் பண்ணலாம். அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது ஒன்றே போதும் ஆப்பைத் தேர்ந்தெடுக்க. ஆனால் வீட்டு இன்டர்நெட் விழுந்துவிட்டால் கொழும்பிலிருந்து எதுவும் செய்ய முடியாது. அப்போது அம்மாவுக்குப் போன் போட்டுப் பிளக்கைக் கழற்றி மாட்டச் சொல்ல வேண்டியதுதான்.

அடுத்த காம்பராக்காரர் பிள்ளையின் பாடத்துக்கென்று பாஸ்வேர்ட் வாங்கியிருப்பார், இப்போது டேட்டா பறக்கிறது. ஆப்பில் அந்தப் போனை 'பிளொக்' பண்ணலாமே என்று தோன்றும். அது அவ்வளவு நிலைக்காது. ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் வைஃபை அடையாள எண்ணை மறைத்துப் போலி எண் கொடுக்கும். அந்த வைஃபையை மறந்துவிட்டோ அமைப்பை மாற்றியோ மறுபடி இணைந்தால் ரவுட்டருக்கு அது புதுப் போனாகத் தெரியலாம். பாஸ்வேர்டை மாற்றிவிடுவதுதான் நிச்சயமான வழி. முகம் முறியாமல் கொடுக்க வேண்டுமென்றால் கெஸ்ட் வைஃபை திறந்து அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் வையுங்கள். பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் மூடலாம், ஒரு பேச்சும் வராது.

பிள்ளைகளுக்கு வேண்டாத தளங்களைத் தடுக்கவும் பிரவுசர் பக்கம்தான். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தருகிற சேவை. அதை மாற்ற இடம் தருகிற மாடல் என்றால் 1.1.1.3 என்று போடுங்கள். இது கிளவுட்ஃபிளேர் என்ற இணையக் கம்பனி 2020இல் தொடங்கிய இலவசச் சேவை. ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் தடுக்கும். கெட்டிக்காரப் பிள்ளை விபிஎன் (வேறு வழியாகச் சுற்றிப் போகிற ஆப்) போட்டுத் தாண்டிவிடும், அது வேறு கதை.

கொமியூனிகேஷன் கடைத் தம்பிக்கு வருவோம். வேகமாகச் செய்து தருவார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைஃபை பாஸ்வேர்ட் வேறு, செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். இரண்டாவது பழைய 'அட்மின்' என்றே கிடந்தால், உங்கள் வைஃபையில் இணைந்த எவரும் உள்ளே போய் எதையும் மாற்றலாம். உங்கள் முன்னாலேயே அதையும் மாற்றச் சொல்லுங்கள், புதியதை நீங்களே அடியுங்கள். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலோ ஓர் எண்ணாலோ இணைக்கிற வசதி) என்று ஒன்று இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை (PIN) வைத்து இணைக்கிற முறையிலுள்ள ஓட்டை 2011லேயே வெளிவந்துவிட்டது.

ஃபைபர் வீடுகளில் நிலைமை தலைகீழ். பெரும்பாலும் கம்பனி நமக்குக் கொடுப்பது சாதாரண லொகின். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் தாண்டி அதிகம் தொட முடியாது. மற்றதைக் கம்பனியே தூரத்திலிருந்து பார்க்கும். ஆகவே லைன் கோளாறு என்றால் ஹொட்லைன்தான் சரி, தமிழிலேயே பேசலாம். அவர்கள் கேட்பதற்கு முன் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு பாதியாகக் குறையும்.

ஊசியால் அமுக்குகிற ரீசெட் துளையை மட்டும் வகை பார்த்துத் தொடுங்கள். சிம் ரவுட்டரில் அது பெரும்பாலும் ஆபத்தில்லை: ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுக்குத் திரும்பும், இணைப்பு விவரத்தை சிம்மைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஃபைபரில் கம்பனி போட்ட லொகின் விவரமும் சேர்ந்து அழியலாம். ஞாயிற்றுக்கிழமை இரவில் அப்படி அழிந்தால் ஆள் வரும்வரை வீட்டில் நெட் இல்லை.