டிசானிடின் 2 மி.கி. மாத்திரை: வலி போகும், கூட என்ன போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்

கழுத்துப் பிடிப்புக்காக மூன்று வாரம் இந்தத் தசைத் தளர்த்தி மாத்திரை சாப்பிட்டேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தவனுக்கு, ராத்திரி ஒன்று போட்ட ஒரு மணி நேரத்தில் தோள் இளகித் தூக்கம் வந்தது. வாய் வறண்டது, காலையில் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் சிறுநீர்த் தொற்று. வேறொரு டாக்டரிடம் போனேன், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை, கழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டையும் போட்டுவிட்டுப் படுத்தேன். நடுவில் பாத்ரூம் போக எழுந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பிரஷர் பார்த்தபோது 80/50. நாக்கு குழறுகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, அவள் பயந்தே போய்விட்டாள்.

மறுநாள் முதல் டாக்டர்தான் விளக்கினார். டிசானிடினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி1ஏ2 என்ற என்சைம். சிப்ரோஃப்ளாக்சசின் அதை முடக்கிவிடுகிறது, அதனால் ரத்தத்தில் சேரும் மருந்து சுமார் 10 மடங்கு ஆகிறது. நான் விழுங்கியது 2 மில்லிகிராம், உடம்பு பார்த்தது கிட்டத்தட்ட 20! மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் (ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய்) கொடுக்கும் ஃப்ளூவாக்சமின் இன்னும் மோசம், 33 மடங்கு. இந்த இரண்டையும் டிசானிடினோடு சேர்க்கவே கூடாது, 'கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, மது எல்லாம் மயக்கத்தையோ பிரஷர் இறங்குவதையோ கூட்டும்.

வேறு தசைத் தளர்த்திகளுக்கு வேறு சிக்கல். சைக்ளோபென்சாப்ரினை மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடும் டிரமடால் என்ற வலி மாத்திரையோடும் சேர்த்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறும் ஆபத்து உண்டு. குளோர்சாக்சசோன் பல சமயம் பாராசிட்டமாலோடு சேர்ந்தே வருகிறது, அது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமால் போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன், கல்லீரல்தான் பாவம்.

பயந்துபோய் நீங்களாகப் பட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அதிக அளவில் ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்கு டிசானிடினைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எனக்குக் குறைந்த அளவுதான் என்பதால் டாக்டர் சிப்ரோவை மாற்றி வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார், டிசானிடினை இரண்டு நாள் நிறுத்திவிட்டுத் தொடரச் சொன்னார்.

மருந்துக்கு ஐந்தில் நான்கு கொடுக்கிறேன், அட்டைக்கு ஒன்றுதான். இரண்டு மாத்திரை பிதுக்கி எடுத்ததும் பெயர் இருந்த இடம் கிழிந்து 'டிசா' மட்டும் மிச்சம், எதோடு சேர்க்கக் கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் புதிதாக இருக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் பல் டாக்டரிடம் அதைத்தான் முதலில் நீட்டினேன், அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினார்.